சங்கம் மன்றமான கதை: மலேசியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் தேர்தல்

மாணவர் தேர்தல் சுதந்திரமாக நடக்கிறதா என்று ஆராய்பவர்கள் பெரும்பாலும் வாக்குச்சீட்டோடு நின்றுவிடுகிறார்கள். தேர்தலை நடத்துவது யார், வென்றவர்கள் கையில் நிதியும் அதிகாரமும் உண்டா என்றும் கேட்டால்தான் மலேசியாவின் அனுபவம் விளங்கும். 1975இல் அங்கே மாணவர் தேர்தலை யாரும் ஒழிக்கவில்லை. வென்றாலும் ஒன்றும் செய்ய முடியாத தேர்தலாக அதை ஆக்கினார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. காலனி ஆட்சியிலேயே அதன் மாணவர்கள் அரசியல் பேசினார்கள். பல்கலைக்கழக சோஷலிஸ்டு கழகத்தின் 'ஃபஜார்' இதழில் வந்த தலையங்கத்துக்காக 1954இல் எட்டுப் பேர்மீது அரசநிந்தனை வழக்கு பாய்ந்தது. எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி ஆகியோரும் அவர்களில் அடக்கம். வழக்குக்கு முகாந்திரமே இல்லையென்று நீதிமன்றம் எட்டுப் பேரையும் விடுவித்தது.

கோலாலம்பூர் வளாகம் 1962இல் தனிப் பல்கலைக்கழகமானது. அதன் மாணவர் சங்கம் 1969 பொதுத்தேர்தலில் சொந்தமாக ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டு, ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. எந்தக் கட்சிக்கும் வால் பிடிக்காமல், எல்லாக் கட்சிகளிடமும் கேள்வி கேட்ட முயற்சி அது. மலேசிய மாணவர் இயக்கத்தின் உச்சம் அந்த ஆண்டுதான் என்பது என் கணிப்பு.

அதே ஆண்டு மே 13 அன்று வெடித்த இனக் கலவரத்துக்குப் பின் 1971இல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. அப்போதும் சங்கம் பிழைத்திருந்தது. 1974இல் ஜொகூர் தாசேக் உத்தாராவில் குடிசைவாசிகள் வெளியேற்றப்பட்டபோது மாணவர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். செப்டம்பரில் சங்கம் முடக்கப்பட்டது. ரப்பர் விலை சரிந்து பாலிங் விவசாயிகள் போராடியபோது, டிசம்பரில் தலைநகரில் அவர்களுக்காகத் திரண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள். இளைஞர் தலைவராக இருந்த அன்வார் இப்ராகிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறை சென்றார்.

1975 திருத்தம் இதற்கான பதிலடி. கட்சியில் சேர்வது மட்டுமல்ல, ஒரு கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிப்பதுகூடக் குற்றமானது. சங்கம் போய் மாணவர் பிரதிநிதித்துவ மன்றம் வந்தது. நிதி திரட்டவும் வைத்துக்கொள்ளவும் மாணவர் அமைப்புகளுக்கு இருந்த உரிமை பறிபோனது. தேர்தலின் கடிவாளம் மாணவர் விவகாரப் பிரிவிடம் சென்றது. போட்டியிடுபவரை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தக்கூடிய அதே நிர்வாகமே தேர்தலையும் நடத்தியது. கட்சித் தடையைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்த ஏற்பாட்டைப் பற்றி நாம் பேசவில்லை. வாக்குரிமையை விட்டுவைத்து அதன் பயனைப் பறித்தது இதுதான்.

முதல் பெரிய விரிசல் 2010இல் விழுந்தது. உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் சமயத்தில் அத்தொகுதியில் இருந்ததற்காக, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் மாணவர் நால்வர் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானார்கள். அரசியலைப் பாடமாகப் படிப்பவர்கள் ஒரு தேர்தலை நேரில் பார்க்கக் கூடாதாம்! 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் 15(5)(அ) பிரிவு பேச்சுரிமைக்கு முரணானது என்று இரண்டுக்கு ஒன்று பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2012இல் மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே கட்சியில் சேர வழி பிறந்தது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் வளாகத்துக்குள் இருந்த தடையும் நீங்கியது.

வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்க மாணவர்கள் முன்னெடுத்த 'உண்டி 18' இயக்கமும் வென்றது. 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 வாக்குகள் ஆதரவாக விழுந்தன. எதிர்த்து ஒன்றுகூட இல்லை. நடைமுறைப்படுத்தத் தாமதமானபோது இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். கூச்சிங் உயர்நீதிமன்றம் கெடு விதித்தபின், 2021 டிசம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

உரிமைகள் திரும்பிய வரிசை கவனிக்கத்தக்கது. நாட்டின் அரசாங்கத்தையே தேர்ந்தெடுக்கலாம் என்று ஏற்கப்பட்ட மாணவர், தம் அமைப்பின் நிதியைத் தாமே கையாளும் உரிமைக்காக 2024 திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் 1971 சட்டம் நீடிக்கிறது. அதை முற்றாக நீக்க வேண்டும் என்றே மாணவர் அமைப்புகள் கோருகின்றன. தேர்தல் குழுவை மாணவர்களே அமைப்பதும், அதன் முடிவில் நிர்வாகம் தலையிடாதிருப்பதும் சட்டத்திலேயே எழுதப்படாதவரை அந்தக் கோரிக்கை நியாயமானதே.