செத்தவனை எழுப்புற நாடு

ஆறாங்கிளாஸ் லீவுல நானும் சித்தப்பா பையனும் ஒரு கிராஃப் நோட்டுல நாடு நடத்தினோம். மேப், ராஜா, நாணயம் எல்லாம் உண்டு. ஒருநாள் நான் கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள என் தளபதியைப் போர்ல கொன்னுட்டான் படுபாவி. நான் ரப்பரால அழிச்சேன், அவன் நோட்டையே கிழிச்சான். நாடு முடிஞ்சது.

போன மாசம் ப்ரான்ட்டி சகோதரிகளைப் பத்திப் படிச்சப்போ (குடிக்கிற ஐட்டம் இல்லைங்க, 'ஜேன் அயர்' எழுதின சார்லட்டும் அவங்க குடும்பமும்) அந்த நோட்டு ஞாபகம் வந்துச்சு.

1826 ஜூன். இங்கிலாந்துல ஹாவொர்த் கிராமத்துப் பாதிரியார் லீட்ஸ் போய்ட்டு வரும்போது, மகன் பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய் பொம்மை வாங்கிட்டு வர்றார். சார்லட், எமிலி, ஆன் மூணு பேரும் ஆளுக்கொண்ணு எடுத்துக்கறாங்க. சார்லட்டோடது வெலிங்டன், பிரான்வெல்லோடது நெப்போலியன். அப்புறமென்ன, பன்னிரண்டு பேரும் கப்பலேறி ஆப்பிரிக்காவில் அசாந்தி நாட்டுக் கரையில் இறங்கி 'கிளாஸ் டவுன்'னு ஊர் கட்டுறாங்க. நிஜ அசாந்திகள் அந்தக் காலத்துல பிரிட்டிஷ் படையோட சண்டையில் இருந்தவங்க. இந்தக் கதையில் அவங்க பெரும்பாலும் எதிரிதான். யார் மண்ணுல ஊர் கட்டுறோம்னு நாலு பிள்ளைகளும் யோசிச்சதா தெரியலை.

இப்ப தலைவலி ஜனத்தொகை. பிரான்வெல்லுக்குப் போர்னா உயிர். பன்னிரண்டு பேரை வச்சுக்கிட்டு எத்தனை போர் நடத்த முடியும்? அதுக்குத்தான் நாலு பேரும் பூதங்களாகிட்டாங்க, அரேபிய இரவுகள்ல வர்ற மாதிரி. செத்தவனை எழுப்பிவிடுற அதிகாரம் பூதத்துக்கு. பிரமாதமான ஏற்பாடு, ஆனா ஒரு ஓட்டை. யாருமே சாகலைன்னா அந்தப் போருக்கு என்ன அர்த்தம்? நாடு பெருசாக ஆக பூதங்கள் மெல்ல ஒதுங்கிடுச்சு. பத்திரிகை, கவிஞர்கள், அரசியல்வாதிகள், கல்யாணம், வாரிசுன்னு ஆட்கள் பெருகினாங்க. எல்லாம் தீப்பெட்டி சைஸ் புத்தகங்கள்ல, பொம்மைகள் படிக்கிற அளவு எழுத்துல.

1834-ல் சார்லட்டும் பிரான்வெல்லும் 'அங்கிரியா'ன்னு தனி ராஜ்ஜியம் ஆரம்பிச்சாங்க. மாகாணம், தலைநகர்னு பிரான்வெல் பட்டியலே போட்டு வச்சான். நம்ம ஆளு!

ஆனா ரெண்டு பேர் எழுதுற சரித்திரத்துல எது செல்லும்? 1836-ல் சார்லட் வெளியூர்ல டீச்சர் வேலை பார்க்கும்போது, வீட்டிலிருந்த பிரான்வெல் அங்கிரியா ராணி மேரியைக் கொன்னுட்டான். நிஜமாவே கொன்னுட்டானான்னு சார்லட் குறிப்புல எழுதித் தவிக்கிறா. படிக்கும்போது எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. அப்புறம் தன் கதையில ராணியைப் பிழைக்க வச்சுட்டா. பூதம் இல்லாமலேயே! நான் ரப்பரால செஞ்சதைத்தான் அவ பேனாவால செஞ்சிருக்கா.

எமிலியும் ஆனும் அதுக்கு முன்னாடியே, 1831 வாக்கில் பிரிஞ்சு போய், பசிபிக் கடல்ல 'கோண்டால்'னு தீவு உண்டாக்கிட்டாங்க. அக்கா அண்ணன் தொல்லை இல்லாத தீவு :-) வீட்டுப் பூகோளப் புத்தகத்துல நிஜ நாடுகளோட கோண்டால் பேரையும் எழுதி வச்சா ஆன்.

1845 ஜூன்ல ரெண்டு பேரும் யார்க் நகருக்கு ரயில்ல போறாங்க. எமிலிக்கு 26 வயசு, ஆனுக்கு 25. வழியெல்லாம் கோண்டால் ஆட்களாவே நடிச்சுக்கிட்டுப் போனாங்களாம். அடுத்த மாசம் ரெண்டு பேரும் குறிப்பு எழுதறாங்க. நாடு அமோகமா இருக்குன்னு எமிலி. விளையாடுற நிலைமையிலயே இல்லைன்னு ஆன். அடுத்த வருஷம் கவிதைத் தொகுப்பு வந்தப்போ கோண்டால் அடையாளங்களை நீக்கிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தாங்க. கோண்டாலோட உரைநடைக் கதை எதுவும் இன்னைக்கு இல்லை.

எனக்கு இப்போ 28. நேத்து சித்தப்பா பையனுக்கு போன் பண்ணி அந்தத் தளபதி ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்.

"இருக்குடா. ஆனா அவன் செத்தது செத்ததுதான்" என்றான்.