மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடலில் அமைந்த பாதுகாக்கப்பட்ட பகுதி. ஆள் குடியிருப்பில்லாத 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் சேர்ந்த இதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு அரசு 1986இல் இதனைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இதனை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் கடல்பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகமானது. 2001இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் இடம்பெற்றது.

தீவுகள்

மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகத் தீவுகள் பிரிக்கப்பட்டுள்ளன. குருசடை, முயல்தீவு, மனோலி ஆகியவை மண்டபம் தொகுதியைச் சேர்ந்தவை. சுண்ணாம்புக் காளவாய்களுக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டுகள் பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டன. அலையைத் தாங்கிய பாறை குறையவே தீவுகளின் மணல் கரைந்தது. 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன.

உயிரினங்கள்

வளைகுடாவில் 3,600க்கும் மேற்பட்ட உயிரின வகைகள் பதிவாகியுள்ளன. பவளங்களில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கடற்புல் வெளிகளில் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு இங்கு அருகிவரும் பாலூட்டி. கடலாமை, கடற்குதிரை, கடலட்டை, சங்கு, முத்துச்சிப்பி ஆகியவையும் வாழ்கின்றன. பண்டைய துறைமுகமான கொற்கையின் முத்துக்குப் புகழ் சேர்த்ததும் இந்தக் கடலே. கடல்நீர் வெப்பம் மிகுந்த 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன.

கரையோர ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாக மூழ்கிப் பாசி எடுத்து வாழ்ந்து வருகின்றனர். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அவர்கள் எடுப்பவற்றுள் முக்கியமானவை. பூங்காவின் காவலும் அவர்களின் பிழைப்பும் ஒருசேர நிலைக்க வேண்டும்.

சுற்றிப் பார்த்தல்

பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் படகுகள் செல்கின்றன. பிற தீவுகளில் வனத்துறையின் அனுமதியின்றி இறங்கக் கூடாது. கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் சனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் வளைகுடா கொந்தளிப்பாக இருக்கும்.

அருகிலுள்ள இடங்கள்

மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897இல் கரையிறங்கிய இடம் குந்துகால். அங்கு அவருக்கு நினைவு மண்டபம் உள்ளது. பாம்பனில் 1914இல் திறக்கப்பட்ட பழைய தொடர்வண்டிப் பாலத்துக்கு மாற்றாக 2025இல் திறக்கப்பட்ட செங்குத்துத் தூக்குப் பாலத்தைக் காணலாம். நீண்ட பிராகாரத்துக்குப் பெயர்பெற்ற இராமநாதசுவாமி கோயிலும், பேய்க்கரும்பில் 2017இல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடமும் இராமேசுவரம் தீவிலேயே உள்ளன.

தீவின் கிழக்கு முனையான தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் அழித்தது. இடிந்த தேவாலயமும் தொடர்வண்டி நிலையச் சுவர்களும் எஞ்சியுள்ளன. அங்கு ஒருபுறம் அமைதியான பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், மறுபுறம் அலை மிகுந்த மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் மக்கள் அழைக்கின்றனர்.

பாதுகாப்பு

பவளமும் கடலட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உதிர்ந்து கிடக்கும் பவளத் துண்டையும் பயணிகள் எடுத்துச் செல்லக் கூடாது; உயிருள்ள பவளத்தின் மீது கால் வைக்கவும் கூடாது. மூழ்கிய இரு தீவுகளும் மனிதர் பாறையை வெட்டியதால் இழக்கப்பட்டவை.