துரத்தினால் எங்கே போகும்?

விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் விக்கிரமங்கலத்து வானத்தில் பழந்தின்னி வௌவால்கள் போகும். அவசரமே இருக்காது, துடுப்புப் போடுகிற மாதிரி சிறகை அடித்துக்கொண்டு போகும். "வௌவால் வீட்டுக்குப் போனா நீயும் தொங்கு, நானும் தொங்குதான்" என்பார் அப்பாயி.

மரத்தையே அவற்றுக்கு விட்டுக்கொடுத்த ஊர்கள் இங்கே உண்டு. சீர்காழிப் பக்கம் பெரம்பூரில் வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சட்டத்துக்கு அந்தப் பெருந்தன்மை வர ஐம்பது வருடம் ஆனது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காகத்தோடு சேர்த்து ஐந்தாம் அட்டவணையில் தள்ளியது. அது தீங்குயிர்களின் பட்டியல். கொன்றால் கேள்வி கிடையாது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த வௌவால் இரண்டாம் அட்டவணையில், பாதுகாக்கப்பட்ட உயிர்.

வருடத்துக்கு ஒரே குட்டி போடுகிற உயிர் இது. சுட்டால் அவ்வளவு சீக்கிரம் ஈடாகாது. இலுப்பைப் பூவின் சதையைத் தின்ன ராத்திரியில் வந்து, மகரந்தத்தைச் சுமந்துபோவதும் இதுதான். கோயில் விளக்கில் எரிந்த இலுப்பெண்ணெயில் வௌவாலுக்கும் பங்குண்டு.

சரி, இடைஞ்சல்தானே, விரட்டிவிட்டால் என்ன? மெல்போர்ன் நகரம் அதைச் செய்து பார்த்தது. அரச தாவரவியல் பூங்காவில் மரங்களை மொட்டையாக்கிய சாம்பல்தலை வௌவால்களை 2003இல் சத்தம் எழுப்பிக் கலைத்தார்கள். அவற்றுக்கென ஐவன்ஹோவில் ஓர் இடத்தையும் தேர்ந்து வைத்திருந்தார்கள். வௌவால்கள் அதை ஏற்கவில்லை. யாரா ஆற்றங்கரையில் யாரா பெண்ட் பூங்காவைத் தாங்களே பிடித்துக்கொண்டன. கடைசியில் நகரம்தான் இறங்கிவந்தது. இன்று அது நிரந்தரக் குடியிருப்பு. 2019 டிசம்பர் வெயிலில் அங்கே ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. துரத்திய நகரமே அதன்பின் அவற்றுக்குத் தண்ணீர் தெளிக்கும் வழியைத் தேடியது.

இங்கே பயம் வேறு மாதிரி. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது பழி வௌவால்மேல் விழுந்தது. அதன் உடம்பில் அந்த வைரஸ் உண்டு என்பது உண்மைதான். அதற்காக மரத்தை வெட்டினால் கூட்டம் சிதறி இன்னும் நாலு ஊருக்குப் போகும். கடிபட்ட பழத்தைத் தின்னாமல் இருப்பதும், பதநீர்க் கலயத்தை மூடி வைப்பதும்தான் உதவும்.

எங்கள் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வலசை வரும் பறவைக்குக் கிடைத்த மரியாதை அது. கரையோரம் நாலு பெரிய மரத்தை வெட்டாமல் விட்டு, அடியில் கூச்சல் போடாமல் இருந்தால் வௌவாலுக்கும் அது போதும்.