சிப்பாயின் சிகரெட்

படைவீரர்களைப் புகைபிடிக்க அனுமதிக்கலாமா என்ற கேள்வியில் 'அனுமதி' என்ற சொல்தான் இடறுகிறது. சிப்பாய் வந்து கேட்டு, ராணுவம் யோசித்துத் தலையசைத்தது போன்ற ஒரு தோற்றம் அதில் இருக்கிறது. சரித்திரத்தில் நடந்தது பெரும்பாலும் வேறு. புகையிலை அவனுக்கு மேலிருந்து வந்தது.

1914 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரில் படைகளுக்குப் போன பித்தளைப் பெட்டியைப் பார்க்கலாம். ஓர் அவுன்ஸ் பைப் புகையிலை, 20 சிகரெட்டுகள், இளவரசியின் படம். புகைக்காதவனுக்குப் புளிப்பு மிட்டாயும், காகிதமும் பென்சிலும் வைத்த எழுதுபையும். கூர்க்காக்களுக்கு வெள்ளையருக்கு உள்ளதே. சீக்கியர்களுக்குக் கற்கண்டும் ஒரு டப்பா மசாலாச் சாமானும். மற்ற இந்தியர்களுக்கு இவற்றோடு சிகரெட்டும். புகைப்பவன்தான் இயல்பான சிப்பாய். மற்றவன் மதத்தையோ பழக்கத்தையோ காட்டி விலக்குப் பெற வேண்டியவன். அந்தப் பட்டியல்படி காகிதமும் பென்சிலும் கிடைக்க ஒருவன் புகைக்காதவனாக இருந்தாக வேண்டும் என்பது, எழுதுகிற நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாகப் படலாம்.

ஆனால் இதை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட ஸ்டடர்ட் கென்னடி விடமாட்டார். பாதிரியார், கவிஞர், ஆஸ்துமாக்காரர். ரூவான் ரயில் நிலையத்தில், முன்னணிக்குப் போகும் சிப்பாய்களுக்கு ஒரு பையிலிருந்து புதிய ஏற்பாட்டையும் இன்னொரு பையிலிருந்து வுட்பைன் என்ற மலிவு சிகரெட்டையும் எடுத்துக் கொடுத்தார். 'வுட்பைன் வில்லி' என்ற பெயர் அவர்கள் வைத்தது. அந்தக் கருணை அசலானது. 1917-ல் குண்டுகளுக்கிடையே காயம்பட்டவர்களைத் தேடிப் போய் ராணுவச் சிலுவை பெற்றவர் அவர். அதே மனிதரைத்தான் ராணுவம் துப்பாக்கி ஈட்டிப் பயிற்சிக்கு உற்சாகமூட்டும் குழுவோடு ஊர்வலம் அனுப்பியது. பின்னால் யுத்தத்தையே வெறுத்தார். 1929-ல் அவர் இறந்தபோது சவப்பெட்டியின் மீது ஒரு பாக்கெட் வுட்பைன் வைக்கப்பட்டது.

சாகப் போகிறவனிடம் நுரையீரலைப் பற்றிப் பேசுவது ஆபாசம் என்பது எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள், பழக்கத்தோடு. கருணை அத்தனை பேரையும் செத்தவர்களாகவே கணக்கிட்டுவிட்டது. கடன் கொடுக்கும் அன்றே வாராக்கடன் என்று பேரேட்டில் எழுதி வைப்பது போன்ற காரியம் இது.

அமெரிக்காவில் இந்தப் பதிவு இன்னும் துப்புரவாக நடந்தது. சிகரெட்டுக்கு எதிராகப் பிரசாரம் செய்த ஒய்.எம்.சி.ஏ. முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்குத் தானே சிகரெட் விற்றது. 1918-ல் புகையிலை படைச் சாப்பாட்டுப் பங்கீட்டில் ஓர் இனமாயிற்று. இரண்டாம் யுத்தத்தில் கே-ரேஷன் பொட்டலத்தில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் சிகரெட் இருந்தது. 1964-ல் அரசின் தலைமை மருத்துவரே சிகரெட் புற்றுநோய் தரும் என்று அறிக்கை வெளியிட்டார். பொட்டலத்திலிருந்து அது நீங்கியது 1975-ல்.

இதற்குப் பிறகுதான் 'அனுமதி' ஒரு பிரச்னையாகிறது. கொடுத்துப் பழக்கியவர்களே அதைச் சிப்பாயின் சுதந்திரம் என்று பேச ஆரம்பிக்கிறார்கள். 2009-ல் ஒரு மருத்துவ நிபுணர் குழு, படையைப் படிப்படியாகப் புகையிலை இல்லாததாக்கச் சொன்னது. அறிக்கையைக் கேட்டு வாங்கியவர்களில் படைத்துறையும் உண்டு, முன்னாள் வீரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் துறையும் உண்டு. போர் நடக்கும்போது வீரர்களின் மன இறுக்கத்தைக் கூட்ட விரும்பவில்லை என்று படைத்துறை தடையை மறுத்துவிட்டது. பதுங்குகுழியில் இருப்பவன் கையிலிருந்து பிடுங்கக் கூடாது என்பதில் எனக்கும் சம்மதம். புதிதாகச் சேரும் பையனுக்கு முகாம் கடையில் அதை விற்பது எந்த இறுக்கத்தைத் தணிக்க?

2010 முடிவோடு அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களுக்குள் மட்டும் சிகரெட் நின்றது. புகைப்பவனுக்காக அல்ல, அடைத்த கலத்தில் அதே காற்றை இழுத்தாக வேண்டிய மற்றவர்களுக்காக.