செக்ரோலும் மூலைவிட்ட நிறுவலும்

முடிவில்லாத் தொடைகளின் பருமனை ஒப்பிடும் பாடத்தைப் பசறை, ஹாலிஎல, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது? மெய்யெண்களின் தசம விரிவிலிருந்து தொடங்குவதே நூல்களின் வழக்கம். தோட்டத் தொழிலாளரின் வருகைப் பதிவேடான செக்ரோலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம். பிள்ளைகளுக்கு அது பழகிய பொருள் என்பது சிறிய காரணம். கணிதவியலாளர் கேண்டரின் மூல மூலைவிட்ட நிறுவலுக்கு அதுவே நெருக்கமானது என்பதுதான் பெரிய காரணம்.

மெய்யெண்கள் இயற்கை எண்களைவிட மிகுதி என்பதை கேண்டர் 1874இலேயே நிறுவிவிட்டார். அப்போது அவர் கையாண்டது சுருங்கிச் செல்லும் இடைவெளிகளை. மூலைவிட்ட முறை 1891இல்தான் வருகிறது. அதில் தசமப் புள்ளியே இல்லை. எம், டபிள்யூ என்னும் இரண்டே குறிகளாலான முடிவில்லா வரிசைகளை மட்டுமே அவர் எடுத்துக்கொண்டார்.

செக்ரோலும் அப்படிப்பட்டதே. ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம். வேலைக்கு வந்தால் பேர் விழும், வராவிட்டால் விழாது. ஆட்களும் நாட்களும் முடிவின்றி நீள்வதாகக் கொள்வோம். முதல் ஆளின் முதல் நாள், இரண்டாம் ஆளின் இரண்டாம் நாள் என்று மூலைவிட்டமாக இறங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதை மாற்றிப் புதிய வரி ஒன்று எழுதுவோம். அது எவருடைய வரியும் அன்று. நூறாம் ஆளின் வரியோடு அது நூறாம் நாளில் முரண்படும், மற்றவர்களுக்கும் அப்படியே. ஆகவே எல்லா வருகை வரிகளையும் இயற்கை எண்களோடு ஒன்றுக்கொன்றாகப் பொருத்த இயலாது. அரைநாள் வேலைக்கு விழும் அரைப்பேரை மூன்றாம் குறியாகச் சேர்த்தாலும் நிறுவல் குலையாது.

விடுபட்ட வரியை உச்சியில் சேர்த்துவிட்டால் என்ன என்று மாணவர் கேட்பார்கள். நல்ல கேள்வி, அவசரமாகக் கடந்துவிடக் கூடாதது. சேர்த்தால் எல்லா வரிகளும் ஒரு படி கீழிறங்கும், மூலைவிட்டமும் மாறும், புதிய மூலைவிட்டம் வேறொரு விடுபட்ட வரியைத் தரும். நாம் மறுப்பது ஒரு குறிப்பிட்ட பட்டியலை அன்று, பட்டியல் எதுவாயினும் அது முழுமையானது என்னும் கூற்றையே.

தசம வழியில் இந்தத் தெளிவு கலங்குகிறது. 0.4999… என்பதும் 0.5 என்பதும் ஒரே எண். இலக்கத்தை மாற்றியதால் எண்ணும் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. மாற்றும்போது 0, 9 இரண்டையும் தவிர்க்கச் சொல்லி நூல்கள் சமாளிக்கின்றன. காரணம் விளங்காத மாணவருக்கு அது மந்திரம்போல் தோன்றுகிறது. செக்ரோலில் வரிதான் பொருள். ஒரு கட்டம் மாறினாலே வரி வேறு. மெய்யெண்களுக்குச் செல்வதை அடுத்த படியாக வைக்கலாம்: வரிகளை ஈரடி விரிவுகளாக வாசித்தால் இரட்டை வடிவம் பெறும் எண்கள் எண்ணத்தக்க அளவே இருப்பதால், வரிகளின் தொடையும் மெய்யெண்களின் தொடையும் சம பருமன் கொண்டவை.

இதற்கு அப்பாலுள்ள பெரிய வினாவையும் செக்ரோலை வைத்தே கேட்கலாம். ஆட்களின் தொடையைவிடப் பெரியதும், எல்லா வரிகளின் தொடையைவிடச் சிறியதுமான தொடை உண்டா? இல்லை என்று கேண்டர் கருதினார். வழக்கமான தொடைக் கோட்பாட்டு வெளிப்படைகள் முரணற்றவையாயின், அவற்றைக் கொண்டு அவர் கருத்தைப் பொய்யென்று நிறுவ முடியாது என்பதை கணிதவியலாளர் கேடலின் 1940ஆம் ஆண்டு நூல் காட்டியது. மெய்யென்று நிறுவவும் முடியாது என்பதை 1963இல் போல் கோஹன் காட்டினார்.