இதழ் யாருக்கு? கணினி ஆர்வலர் ஏடுகளில் வாசகரும் ஆசிரியரும்

1916ஆம் ஆண்டில் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தோன்றியது. ராஜாஜியும் வெங்கட சுப்பையரும் முன்னின்று தொடங்கிய அச்சங்கம், அறிவியல் சொற்களுக்குத் தமிழ் காண்பதற்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்தியது. அப்போது புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் அம்முயற்சியை மனமாரப் பாராட்டினார். பாராட்டிய கையோடு குறையையும் சொன்னார். தமிழ்ச் சொல் தேடும் பத்திரிகை ஆங்கிலத்தில் நடப்பானேன் என்பதே அவர் கேட்டது.

துறை சார்ந்த ஏடு ஒன்றில் என்ன வரவேண்டும், எந்த மொழியில் வரவேண்டும் என்று புதுவையிலிருந்த ஒரு வாசகர் ஆசிரியர்களோடு தொடுத்த வழக்கு இது. கணினி ஆர்வலர் இதழ்களின் வாசகர் கடிதங்களை நான் புரட்டும்போதெல்லாம் இந்த வழக்குத்தான் நினைவுக்கு வருகிறது. அரசியல் ஏட்டின் வாசகர் கருத்து மாறுபட்டால் கடிதம் எழுதுவார். ஆர்வலர் ஏட்டின் வாசகரோ அதில் அச்சான நிரலைத் தன் கையால் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்த்தவர். ஓடவில்லை என்றால் எந்த வரியில் பிழை என்று சான்றோடு எழுதுபவர். ஆசிரியர் அவரிடம் மழுப்ப முடியாது.

இவ்வகை ஏடுகள் பிறந்த கதையிலேயே வாசகர் கை இருக்கிறது. 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வெளிவந்தது. அதை வாங்கியவர் கையில் கிடைத்தது 256 பைட் நினைவகம்தான். அதற்கான பேசிக் மொழியோ தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த 'பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி' என்ற சிறு செய்தி ஏட்டில், மிகக் குறைந்த நினைவகத்துக்குள் அடங்கும் 'டைனி பேசிக்' ஒன்றை நாமே செய்துகொள்ளலாமே என்று டென்னிஸ் ஆலிசன் ஒரு வரைவு எழுதினார். முழு நிரல் எதையும் அவர் தரவில்லை. எப்படிச் செய்யலாம் என்று மட்டும் சொன்னார். வாசகர்கள் செய்து அனுப்பினார்கள். டெக்சாஸிலிருந்து டிக் விப்பிள், ஜான் ஆர்னால்டு என்ற இருவர் தாங்கள் எழுதியதை முழுமையாக அனுப்பிவைத்தார்கள். வந்து குவிந்ததை வெளியிட மூன்றே மூன்று இதழ் ஒளிநகலெடுத்து விநியோகித்துவிட்டு நிறுத்திவிடலாம் என்றுதான் 1976 ஜனவரியில் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' தொடங்கியது. வாசகர்கள் நிறுத்த விடவில்லை. அது 2009 வரை அச்சில் வந்தது.

அதே 1976 பிப்ரவரியில் இருபது வயது பில் கேட்ஸ் ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நீங்கள் பணம் கொடுக்காமல் நகலெடுக்கிறீர்கள், இப்படியிருந்தால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார் என்பது அதன் சாரம். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்; உழைப்புக்குக் கூலி வேண்டும். ஆனால் அவர் முன்வைத்த கேள்விக்கு ஆர்வலர் ஏடுகள் அவ்வாண்டிலேயே செயலால் விடை சொல்லிவிட்டன. டாம் பிட்மன் தன் டைனி பேசிக்கை ஐந்து டாலருக்கு விற்றார். லீ சென் வாங், தன் நிரலின் தலைப்பில் பதிப்புரிமை வாசகத்தைத் தலைகீழாகத் திருப்பி எழுதி, யாவரும் நகலெடுக்கலாம் என்று விட்டார். பின்னாளில் கட்டற்ற மென்பொருள் இயக்கம் எடுத்தாண்ட 'காப்பிலெஃப்ட்' என்ற சொல் அந்த நிரலின் தலைப்பிலேயே இருந்தது.

ஆசிரியர் வாசகரை விட்டு விலகிய கதையும் உண்டு. 1975 செப்டம்பரில் தொடங்கிய 'பைட்' இதழில் ஸ்டீவ் சியார்சியா 1977 முதல் ஒரு தொடர் எழுதினார். சில்லும் மின்தடையும் வாங்கிவந்து, பற்றவைத்து, ஒரு கருவியை வீட்டிலேயே செய்து முடிப்பது அத்தொடரின் வேலை. ஐபிஎம் பிசி பரவியபின் இதழின் முகம் மாறியது. எந்தப் பொருள் நல்லது, எது மலிவு என்ற மதிப்பீடுகள் பெருகின. செய்பவர் பக்கம் குறைந்தது. 1988இல் சியார்சியா வெளியேறித் தனி இதழே தொடங்கிவிட்டார். பத்தாண்டு கழித்து, 1998 ஜூலையோடு 'பைட்' அச்சு நின்றது. அவர் போனதால்தான் நின்றது என்று முடிச்சுப் போடுவது சரியாகாது, சந்தையே மாறியிருந்தது. எனினும் வாங்குபவருக்கு ஏடு ஆயிரம் கிடைக்கும், செய்பவருக்கு அந்த ஒன்றுதான் இருந்தது என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பிரெஞ்சு வாசிப்பு இன்னும் விட்டுப்போகாத நம் புதுவையில் 'எப்தோஜிசியல்' பற்றிச் சொல்லாமல் போவது முறையன்று. 1983 முதல் 1987 வரை பிரான்சில் வந்த வார ஏடு அது. செய்தித்தாள் அளவில், பக்கம் பக்கமாக, வாசகர் எழுதி அனுப்பிய நிரல்கள். ஒவ்வொரு வகைக் கணினிக்கும் அதற்கென்று இடம். அங்கே ஆசிரியர் குழுவின் வேலை பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதும் ஒழுங்குபடுத்துவதுந்தான்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1969இல் தொடங்கிய 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' மின்னணு ஆர்வலர்களை வளர்த்திருந்தது; 1987இல் 'பிசி குவெஸ்ட்' வந்தது. ஆனால் கணினி வீட்டில் இருந்தவர் மிகச் சிலர். 1984இல் பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்தும் கிளாஸ் என்ற அரசுத் திட்டத்தின்கீழ் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் போனபோது, ஒரு பள்ளிக்கே விரல்விட்டு எண்ணக்கூடிய இயந்திரங்கள்தான். நான் முதலில் நிரல் எழுதியது கோடுபோட்ட நோட்டில். கணினி முன் உட்கார வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் வாய்க்கும். ஒரு மாத இதழில் வந்த நிரலை அப்படிக் கையால் படியெடுத்துக்கொண்டு போய் அடித்தேன். 140ஆம் வரியில் நின்றுவிட்டது. மறுவாரமும் நின்றது. சுழியம் இருக்கவேண்டிய இடத்தில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அச்சுக்கோத்திருந்தார்கள். இன்லண்ட் லெட்டரில் எழுதிப்போட்டேன். அடுத்த மாதம் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த மாதம் திருத்தம் வந்தது. அதன்கீழே வேறு ஒரு வாசகர் அதே வேலையைப் பாதி வரிகளில் முடித்துக் காட்டியிருந்தார். அவருடைய வரிகளிலிருந்துதான் நான் நிரல் எழுதக் கற்றேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

தமிழில் இந்த விவாதத்துக்கு இன்னொரு கிளை உண்டு. சுஜாதா ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியில் வாசகர் கேள்விக்கு விடை சொன்னதிலிருந்தே, அறிவியலைத் தமிழில் கேட்டுப் பெறலாம் என்ற துணிவு பரவியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து 1987 முதல் நடத்திவரும் 'துளிர்' அந்தத் துணிவைச் சிறுவர்களிடம் கொண்டுசென்றது. பிறகு சென்னையிலிருந்து 'தமிழ் கம்ப்யூட்டர்' வந்தது. தினமலர் 'கம்ப்யூட்டர் மலர்' வெளியிட்டது. அவற்றில் நான் முதலில் திருப்பியது கேள்வி பதில் பக்கத்தைத்தான். ஃபைல் அழிந்துவிட்டது, மீட்கலாமா? எழுத்துரு கட்டம் கட்டமாகத் தெரிகிறது, என்ன செய்ய? நிரல் கற்றுத்தாருங்கள் என்று கேட்பவர் ஒருபக்கம், எனக்கு ஆபீஸ் வேலைக்கு வேண்டியதைச் சொன்னால் போதும் என்பவர் மறுபக்கம். ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தார்கள். ஆங்கிலம் அறியாதவருக்குக் கணினியை நெருங்க அதுவே வாசல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வர விரும்பியவர்களுக்கு நெடுங்காலம் தமிழில் இடமில்லாமல் போனது.

கம்ப்யூட்டரா, கணிப்பொறியா, கணினியா, இலங்கையர் சொல்லும் கணனியா என்ற வழக்கும் கூடவே நடந்தது. சொல் ஒன்றாவதற்கு முன் எழுத்து ஒன்றாக வேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள். ஃபிளாப்பியில் கட்டுரை அனுப்பினால் ஆசிரியர் கணினியில் அதே எழுத்துரு இல்லாமல் திறக்காது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு விசைப்பலகையை ஒழுங்குசெய்தது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறையை ஏற்றது. 2014 செப்டம்பரில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் தமிழ் இணைய மாநாடு நம் புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே கூடியது. பிறமொழி ஒலிகளுக்குத் தமிழில் எழுத்துப் போதவில்லை என்று பாரதியார் எழுதிய ஊர் இது. அவ்வூரில் தமிழ் எழுத்தைக் கணினி எப்படி அறியவேண்டும் என்று அறிஞர்கள் அமர்ந்து பேசியது எனக்குத் தனி நிறைவு.

அதற்கு இரண்டாண்டு முன்பு, 2012 ஜனவரியில், த. ஸ்ரீநிவாசனை ஆசிரியராகக் கொண்டு 'கணியம்' மின்னிதழாக வெளிவந்தது. கட்டற்ற மென்பொருளுக்கென்றே ஓர் இதழ். நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் அப்படியே நிற்கும். விளக்கம் முழுக்கத் தமிழில் ஓடும். பாரதியாரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் காணவில்லை. அதில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்த நேரத்தில் எழுதும் ஆர்வலர்கள். நேற்று வாசித்தவர் இன்று எழுதுகிறார். தொடராக வந்தவை 'எளிய தமிழில்' என்ற தலைப்பில் நூல்களாகின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால் யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மறுபடி வெளியிடலாம். 140ஆம் வரியில் பிழை கண்ட சிறுவன் இனி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. சுழியத்தை அவனே போட்டுக்கொள்ளலாம், கீழே தன் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.