தேஜிமாவில் வடித்த ஜின்

ஜப்பானிய ஜின் என்றதும் பலரும் 2016இல் கியோட்டோவில் வெளிவந்த ‘கி நோ பி’யையே நினைப்பர். அந்நாட்டில் ஜின் காய்ச்சிய வரலாறோ கடும் தட்டுப்பாட்டுக் காலம் ஒன்றில் தொடங்குகிறது.

நாகசாகியில் தேஜிமா என்னும் செயற்கைத் தீவில் மட்டுமே டச்சு வணிகர்கள் தங்க அனுமதி இருந்தது. 1810இல் ஹாலந்தைப் பிரான்சு விழுங்கியது. 1811இல் ஜாவாவைப் பிரிட்டன் கைப்பற்றியது. 1810 முதல் 1812 வரை தேஜிமாவுக்கு ஒரு டச்சுக் கப்பல்கூட வரவில்லை. வெண்ணெய் இல்லை, காலணி இல்லை, மதுவும் இல்லை. தலைமை வணிகர் ஹென்ட்ரிக் டூஃப் பழைய கம்பளத்தை வெட்டிக் காற்சட்டை தைத்துக்கொண்டார். தானியத்தைக் காய்ச்சி ஜின்னும் வடித்துப் பார்த்தனர். சுமாராக வந்தது, ஜூனிப்பர் காயின் பிசின் வாடைதான் போகவில்லை. 1833இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் டூஃப் இதைச் சொல்கிறார்.

1813இல் கப்பல்கள் வந்தன. அனுப்பியவர் ஜாவாவை ஆண்ட ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ்! தேஜிமாவை ஒப்படைக்க வேண்டும் என்பது அவரது கோரிக்கை. டூஃப் மறுத்தார். 1808இல் ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்று டச்சுக் கொடியுடன் நாகசாகிக்குள் புகுந்து மிரட்டியது. அந்த அவமானத்தால் நகர ஆளுநர் தற்கொலை செய்துகொண்டார். ஆங்கிலேயர் வந்திருப்பது தெரிந்தால் ஜப்பானியர் அவர்களை உயிரோடு விடமாட்டார்கள். அந்த அச்சத்தையே ஆயுதமாக்கிய டூஃப், சரக்கை டச்சுச் சரக்காகவே விற்றார். 1814இல் ராஃபிள்ஸ் மீண்டும் முயன்று தோற்றார். அவர் சிங்கப்பூரில் கால்வைத்தது 1819இல்.

அதன்பின் நீண்ட இடைவெளி. 1936இல் இன்றைய சன்டோரி நிறுவனத்தின் முன்னோடி ‘ஹெர்மீஸ்’ ஜின்னை விற்றது. அது மேற்கத்திய பாணி.

உள்ளூர் மணம் ஏறியது 2016க்குப் பிறகுதான். கி நோ பிக்கு அரிசிச் சாராயமே அடிப்படை. எலுமிச்சை இனத்து யூசு, ஹினோக்கி மரச்சீவல், மூங்கில் இலை, ஊஜி தேயிலை, நாக்கை விறுவிறுக்க வைக்கும் சன்ஷோ முதலியவற்றை ஆறு பிரிவுகளாகத் தனித்தனியே வடித்துக் கலக்கின்றனர். 2017இல் வந்த சன்டோரியின் ‘ரோக்கு’வில் செர்ரிப் பூவும் இலையும் சேர்கின்றன. மென்மையான மணம் கெடாதிருக்க, பூவைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் சிறு சூட்டில் வடிக்கின்றனர்.

இதில் வணிகக் கணக்கும் உண்டு. விஸ்கி பல ஆண்டுகள் பீப்பாயில் கிடக்க வேண்டும். ஜின்னுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஷோச்சு விற்பனை சரிந்தபோது, ககோஷிமாவின் சக்கரைவள்ளிக் கிழங்குச் சாராயக் குடும்பங்கள் சிலவும் இதில் இறங்கின. 1883இல் தொடங்கிய கொமாசா நிறுவனம், சகுராஜிமா எரிமலை அடிவாரத்தில் விளையும் சிற்றாரஞ்சைச் சேர்க்கிறது. டூஃபைத் தொல்லைப்படுத்திய ஜூனிப்பர் மட்டும் இன்றும் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே கப்பலேறி வருகிறது.